தாட்சாயணி சொன்ன ‘கொட்டு’

போன தையில் செத்துப்போன அப்பாவு, தன் வாழ்நாளில் இன்னொரு மனிதனைக் கை நீட்டி அடித்ததில்லை. புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவி தாட்சாயணி இட்லிக் கடை போட்டிருந்தாள். இவன் விறகு பிளப்பான், தண்ணீர் சுமப்பான், சாம்பார் ஊற்றுவான். ஊற்று என்றால் ஊற்றுவான், நிறுத்து என்றால் நிறுத்துவான். அவள் சொல்லாமல் அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆந்திரா தனி மாநிலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் சென்னைப் பக்கம் போகுமா, இங்கேயே கிடக்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்காகக் கல் வீசிக்கொண்டார்கள், கடைப் பலகைகளில் தார் பூசினார்கள். தாட்சாயணியின் பலகையில் தமிழும் தெலுங்கும் இருந்ததால் இரண்டு பக்கத்தாரும் வந்து பூசினார்கள்.

அப்போதுதான், வீட்டுக்கு ஓர் ஆண் சிலம்பம் கற்றே ஆகவேண்டும் என்று நான் கிளம்பினேன். பெண்டாட்டியைக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு மீசை எதற்கு என்று வீடுவீடாகக் கேட்டேன். எனக்கு எட்டு வருஷப் பழக்கம். கம்பு செங்கல்வராயன் என்றால்தான் என்னை ஊரில் தெரியும். விடியற்காலை ஏரிக்கரைக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். தாட்சாயணி அனுப்பியதால் அப்பாவுவும் வந்தான்.

ஒரு மாதத்தில் அவன் கம்பு இரண்டு பேர் மேல்தான் பட்டது. ஒன்று அவன், இன்னொன்று நாகையாவின் எருமை. எருமையிடம் மன்னிப்புக் கேட்டான்.

“ஏண்டா, எதிர்ல ஆள் வந்தா இன்னா பண்ணுவே?” என்று கத்தினேன்.

“தாட்சாயணியைக் கேப்பேன்.”

தலையில் அடித்துக்கொண்டு நேரே அவளிடம் போனேன். “உன் வூட்டுக்காரனை நம்பிக்கினு கடை போடாதே தங்கச்சி. நாளைக்கு எவனாவது கை வெச்சா இவன் வேடிக்கை பார்த்துக்கினு நிப்பான்.”

அவள் முகம் வாடிப்போனது. “கடையை எடுத்துட்டா துன்றதுக்கு இன்னாண்ணா பண்றது?” என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸிலிருந்து இரண்டு தடியன்கள் இறங்கினார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது. பலகையைக் கழற்று என்றார்கள். முடியாது என்றாள். ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் குண்டானைத் தூக்கிக்கொண்டு அப்பாவு அப்போதுதான் வந்தான்.

தாட்சாயணி திருப்பதியில் பிறந்தவள். வீட்டுப் பேச்சு தமிழ். கோபம் வந்தால் தெலுங்கு. “கொட்டு! கொட்டுயா!” என்று அலறினாள். தெலுங்கில் கொட்டு என்றால் அடி. அப்பாவுவுக்கு இரண்டு பாஷையும் தெரியும். ஆனால் கையில் குண்டான் இருந்ததால் காதில் தமிழ்தான் விழுந்தது. கொட்டினான்.

பிடித்தவனின் முழங்காலுக்குக் கீழே கொட்டினான். அவன் போட்ட கூச்சலில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பாதிக் குண்டானில் நிறுத்தி, அப்பாவு அவளைப் பார்த்து, “மொத்தமுமா?” என்று கேட்டான். பதில் வரும்வரை இரண்டு தடியன்களும் நிற்கவில்லை.

ஊரே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். மறுநாள் கடையில் பத்துப் பேர் முன்னால், “அடிக்கச் சொன்னா சாம்பாரைக் கொட்டினவன்டா நீ! எட்டு வருஷம் கத்துக்குடுத்தாலும் தேறமாட்டே,” என்றேன்.

“அவ தமிழ்லதான் சொன்னா,” என்றான் அப்பாவு.

தாட்சாயணி என் முன்னால் இட்லித் தட்டை வைத்தாள். மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது. “நான் சொன்னது தமிழா தெலுங்கா? நீயே சொல்லுண்ணா. நீதான் பஸ்ஸுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தியே.”



“தெலுங்கு,” என்றேன்.

எனக்கு அப்போதே சரியாகப் புரிந்திருந்தது. கம்பும் கையில்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் நான் ஏரிக்கரைக்குப் போகவில்லை. அப்பாவு போயிருக்கிறான், போகவேண்டாம் என்று தாட்சாயணி சொல்லவில்லையாம். கம்பைப் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை எனக்காக நின்றிருக்கிறான்.