வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்த படம்

ஓர்லு சந்தைக்குப் பின்னால் இருந்த படக்கடையில் படம் பிடித்தவன் ஓசுஜி. கழுவிப் பிரதி போட்டவள் அவன் மனைவி உலோவாகு. நைஜீரியாவின் பயாஃப்ரா போருக்குப் புறப்பட்ட பையன்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். சீருடை கிடைக்காதவர்களுக்கென்று கடையிலேயே ஒரு சட்டை தொங்கியது. படம் தலை முதல் கால் வரை முழுசாக விழவேண்டும். பாதம் வெட்டுப்பட்ட படத்தை எந்தத் தாயும் வாங்கமாட்டாள். மகன் நடந்து திரும்பமாட்டான் என்ற பயம்.

பிறகு போர்முனையில் படம் பிடிக்கப் பட்டாளம் ஓசுஜியையே கூட்டிக்கொண்டு போயிற்று. அவன் எடுத்த படச்சுருள்கள் மட்டும் லாரியில் வந்தன. உடைந்த பாலங்கள், பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த வீரர்கள், ஆளில்லாத ஊர்கள். ஒருநாள் சுருள் வருவதும் நின்றது. அவன் போன வண்டி எரிந்ததைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். உடல் இல்லாததால், வாழைத்தண்டை அவன் துணியில் சுற்றி, மேலே அவன் படத்தை வைத்துக் கொல்லையில் புதைத்தார்கள். உலோவாகு தலையை மழித்துக் கறுப்புடுத்திக் கொல்லை முக்காலியில் உட்கார்ந்தாள். துக்கம் முடிந்ததும் கொழுந்தன் ஏக்கேயின் வீட்டுக்கு மனைவியாகப் போகவேண்டும் என்பது குடும்பத்தின் முடிவு.

"வீட்டு வேலியெல்லாம் புதுசாக் கட்டிட்டானேடி ஏக்கே! மூஞ்சில மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு," என்று தண்ணீருக்குப் போகிற பெண்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் இன்னொரு சுருள் வந்தது. "யாரு குடுத்ததுன்னு தெரியாதும்மா, கை மாறி மாறி வந்துச்சு," என்றான் லாரிக்காரன்.

கழுவி, ஈரத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆறு கடக்கும் வீரர்கள். ஓர்லு சாலை. வெறிச்சோடிய சந்தை. சுருளின் கடைசிக் கட்டத்தில், கொல்லை வேலிக்கு மேலாக எடுத்தது போல, வெள்ளையாக ஒரு உருவம், வெளிறிய மொட்டைத் தலையோடு, பாதம் வரை முழுசாக முக்காலியில் இருந்தது. படச்சுருளில் கறுப்பு வெள்ளையாகும் என்பதை ஆயிரம் தடவை பார்த்தவளுக்கும் அது தான்தான் என்று புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று.

ஏக்கேயைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எவனாவது கேமராவைத் திருடியிருப்பான் அண்ணி. போற வழியில பட்டனை அமுக்கியிருப்பான்."

"வேலிக்கு அந்தப் பக்கம் தரையில நின்னா என் பாதம் தெரியாது தம்பி. அங்க நிக்கிற உடாரா மரத்து வேர் மேல ஏறணும். பாதத்துக்காகத் திருடன் ஏறுவானா?"

"உசுரோட இருந்தா உள்ள வந்திருக்கமாட்டாரா?"

"எப்படி வருவாரு? உள்ளதான் அவரைப் புதைச்சு வச்சிருக்கோமே."

ஏக்கேயின் குரல் இறங்கியது. "செத்தவங்களும் வந்து பாத்துட்டுப் போவாங்க அண்ணி."

"அப்போ தோண்டு. செத்தவரா இருந்தா அதனால என்ன கெட்டுடப் போகுது?"

அவன் மறுத்தான். அவளே மண்வெட்டியை எடுத்ததும், பெண்பிள்ளை தோண்டுவதைப் பார்த்து நிற்கமுடியாமல் பிடுங்கித் தோண்டினான். வாழைத்தண்டு கூழாகியிருந்தது. படத்தில் ஈரம் ஏறி முகம் இருந்த இடம் கறுத்திருந்தது. இரண்டையும் அவள் வேலிக்கு வெளியே எறிந்தாள். குழியை மூட விடவில்லை. ஏக்கே அதற்கப்புறம் அந்தக் கொல்லைக்கு வரவில்லை; அடுத்த வருஷம் வேறிடத்தில் பெண்ணெடுத்தான்.

போர் முடிந்தது. அவள் தலையில் முடி வளர்ந்து, நரைக்கவும் செய்தது. குழியில் மழைத்தண்ணீர் தேங்கியது. அக்கம்பக்கத்தார் சுற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலங்களில் முக்காலியை மரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்வாள். அந்நேரம் யாராவது பேச்சுக் கொடுத்தால், உதடு அசையாமல் சொல்வாள்:

"பேச வைக்காதீங்க. அசைஞ்சா படம் கலங்கிடும்."