கடைசிக் குழாயைப் பார்க்காத நாள்

பரிசோதனைக்கூடத்தில் அவருக்குக் 'கன்ட்ரோல்' என்று பேர். சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு 'அண்ணன்' சேர்த்துக்கொள்வார்கள். எந்தச் சோதனை ஓடினாலும், நோயாளியின் குழாயைப் பார்ப்பதற்கு முன்னால், விடை ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோல் குழாயைப் பார்த்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. பார்க்காதவர்களைக் கிழி கிழியென்று கிழிப்பார். "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோத்தக்கூடப் பாக்க மாட்டீங்களாப்பா?" என்பார். ஊருக்கெல்லாம் சொல்கிறவர் தன் வீட்டு விஷயத்தில் என்ன செய்தார் என்பதுதான் கதை.

அவருக்கு ஒரே தம்பி, இருசக்கர வண்டி மெக்கானிக். ஒருநாள் கையில் ஸ்பானரோடு கடை வாசலிலேயே சாய்ந்தான். மூளையில் கட்டி என்றார்கள். மண்டையைத் திறந்து முடிந்த வரைக்கும் எடுத்தார்கள். அந்த மாதிரிக் கட்டியை முழுசாக எடுக்க யாராலும் முடியாது. மிச்சத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, அது கேட்குமா கேட்காதா என்பதைக் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதித்தால் ஓரளவு சொல்லலாம் என்றார் டாக்டர். அந்தச் சோதனை நடப்பது அண்ணன் வேலை பார்க்கும் கூடத்தில்.

கன்ட்ரோல் அழவில்லை. சாப்பாடு வழக்கம்போல் இறங்கியது, படுத்தால் தூக்கம் வந்தது. அவருக்கே அது அசிங்கமாக இருந்தது. உடம்பு முழுக்க மரத்துப் போனதுபோல் வேலைக்குப் போனார், வந்தார்.

தம்பியோ மாத்திரையே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றான். "வாந்தி எடுத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கறதுக்கு, கடையில நாலு வண்டியாவது பாத்துட்டுப் போறேன்ணே."

"சோதனை வரட்டும்டா. நம்ம உடம்புல ஒவ்வொரு மரபணுவும் ஒரு கடை மாதிரி. அதுமேல மீதைல்னு ஒரு சின்ன ஒட்டு விழுந்தா ஷட்டர் எறங்கிடும். மரபணு கெடாது, உள்ள ஒரு எழுத்துகூட மாறாது. ஆனா வேலை நின்னு போயிடும். பல புத்துநோய்ல கட்டி வளராமத் தடுக்கற கடைங்களுக்குத்தான் இப்படி அநியாயமா ஷட்டர் எறங்கும்."

"என்னோடதுல?"

"ஒரு ரிப்பேர் கடை இருக்கு. மாத்திரை கட்டியோட டி.என்.ஏ.வ ஒடைக்கும், இவன் உக்காந்து சரி பண்ணிடுவான். அந்தக் கடை மட்டும் மூடியிருந்தா நமக்கு நல்லது."

"அவனும் மெக்கானிக்கா? கெட்டுது போ. நான் ஞாயித்துக்கெழமைகூட மூட மாட்டேனே!" தம்பி சிரித்தான். அண்ணனும் சிரித்து வைத்தார்.

கட்டியின் துணுக்கு வந்தபோது, வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்றார் தலைமை டாக்டர். "நானே பண்றேன் டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். நிஜமாகவே ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருந்தது.

வேலை சுலபமானதுதான். டி.என்.ஏ.வில் பைசல்பைட் கரைசலை ஊற்றிச் சூடாக்கினால், குறிப்பிட்ட ஓர் எழுத்து வேறொன்றாக மாறிவிடும். மீதைல் ஒட்டிய இடத்தில் மட்டும் மாறாது. மாறாமல் நின்றால் கடை மூடியிருக்கிறது என்று அர்த்தம். திரையில் கோடு மேலே ஏறும். ஆனால் கரைசல் பழசாகி வீரியம் போயிருந்தால் எதுவுமே ஒழுங்காக மாறாது. திறந்த கடையும் மூடிய கடை மாதிரியே தெரியும். அதற்காகத்தான் மீதைலே இல்லாத டி.என்.ஏ.வைக் கடைசிக் குழாயில் வைப்பார்கள். அதுதான் கன்ட்ரோல். அதில் கோடு ஏறவே கூடாது.

தம்பியின் கோடு விறுவிறுவென்று ஏறியது. அதற்குமேல் அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி, மாடிப்படியில் நின்று போன் போட்டார். "மூடியிருக்குடா! மாத்திரை கேக்கும்!" என்று கத்தினார். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத வேலை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கடைசிக் குழாயின் கோடும் கூடவே ஏறி நின்றது.

கரைசல் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். மூடி சரியாகத் திருகப்படாமல், காற்றுப் பட்டு வீரியம் போயிருந்தது. யார் திருகாமல் விட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. மறுநாள் புதுப் பாட்டில் உடைத்து முதலிலிருந்து செய்தார். இந்தத் தடவை கடைசிக் குழாயை முதலில் பார்த்தார். கோடு தரையோடு கிடந்தது. தம்பியுடையதும் அப்படியே கிடந்தது. கடை திறந்திருந்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பேருந்தில் நின்றுகொண்டே தம்பி வீட்டுக்குப் போனார்.

தம்பி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். தையலை மறைக்கத் தலையில் ஒரு தொப்பி. செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் சொன்னார்.

"நான் தப்பாப் பாத்துட்டேன்டா. மூடல."

தம்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "அப்ப மாத்திரை?"

"குடுப்பாங்க. பெருசாக் கேக்காது."

"சரி."

"என்னைத் திட்டுடா."

"உன்னத் திட்டி என்னண்ணே ஆகப்போவுது? ஆனா ஒண்ணு. நேத்து நீ போன் பண்ணின ஒடனேயே அப்பாவுக்கு நல்லாயிடும்னு பாப்பாகிட்டச் சொல்லிட்டேன். ஆபரேஷன் ஆனதுலேருந்து கிட்டயே வராதவ, நேத்து ராத்திரி என் கைமேல தல வெச்சுத்தான் தூங்கினா. அவகிட்ட நீயே சொல்லு. என்னால ஆகாது."

குரல் கேட்டு உள்ளேயிருந்து பாப்பா ஓடி வந்தாள். அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியப்பா, அப்பாவுக்கு நல்லாயிடும்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே!"

அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், அழுகை நிற்கவில்லை. பாப்பா அவர் இடுப்பிலிருந்து கைகளை எடுத்துவிட்டு, மெதுவாகத் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.