வாளியில் கிடந்த நட்சத்திர ஆமை

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது இது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமங்களில் காலையிலிருந்து மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டுவிட்டு, தோளைத் தூக்க முடியாமல் ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஊரப்பாக்கம் செல்வி. அவள் ஆட்டுக்கு ஒருமுறை பிரசவம் பார்த்திருக்கிறேன்.

“மேடம், பின்னாடி துணி தொவைக்கிற கல்லாண்ட ஒரு ஆமைக் குட்டி கெடந்துச்சு. இப்போ அசையவே மாட்டேன்து. கொஞ்சம் வரீங்களா?”

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் வீடு வழியில்தான் இருந்தது.

வாசலில் அவள் கணவர் குமார் நின்றிருந்தார். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை அப்போதுதான் போயிருந்தது. “இத்த மொதல்ல எடுத்துனு போய்டுங்க மேடம். ஏற்கெனவே நேரம் சரியில்ல, இதுல ஆமை வேற வூட்டுக்கு வந்துகீது. கோயில் குளத்துல வுட்டுடலாம்னா இவ கேக்க மாட்டேன்றா.”

பின்பக்கம் ஒரு வாளி நிறையத் தண்ணீர். அடியில், எலுமிச்சம்பழ அளவில் குட்டி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். குவிந்த கறுப்பு ஓடு; ஒவ்வொரு கட்டத்திலும் நடுவிலிருந்து விரியும் மஞ்சள் கோடுகள். கால்கள் தூண் மாதிரி. விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது.

“இது நட்சத்திர ஆமை. தரையில வாழ்றது, நீந்தாது. குளத்துல விட்டிருந்தா மூழ்கியிருக்கும். எவ்வளவு நேரமா தண்ணியில இருக்கு?”

“இப்பதான் வுட்டா,” என்றார் குமார்.

தலையைக் கீழே சாய்த்து, முன்கால்களை மெல்ல இழுத்து இழுத்து விட்டேன். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் கழித்து ஒரு கால் தானாக உள்ளே போனது. அப்பாடா, இனி துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால், தரை ஆமையைத் தண்ணீரில் போட்டதற்குச் சத்தம் போட்டிருப்பேன். அன்று அதற்கும் தெம்பில்லை. பக்கத்திலிருந்த துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குமார் அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனதும் செல்வி பக்கத்தில் வந்தாள்.

“காலையிலயே வுட்டேன் மேடம். தண்ணி இல்லாம செத்துடப் போவுதேன்னு. சாப்புடலன்னு வாயைத் தொறந்து பாலும் ஊத்துனேன். மூக்குல ஏறிடுச்சு. திட்டுவீங்கன்னுதான் சொல்லல.”

பால் நுரையீரலுக்குள் போயிருந்தால் ஓரிரு நாளில் சளி கட்டிச் செத்துவிடும். என் மருந்துப் பெட்டியைத் திறந்து, இன்சுலின் சிரிஞ்சில் துளி மருந்து ஏற்றி முன்காலில் ஊசி போட்டேன். வனத்துறைக்குப் போன் செய்தேன். ஆட்கள் மாமல்லபுரம் பக்கம் பொரிப்பகத்துக்காகக் கடலாமை முட்டை சேகரிக்கப் போயிருக்கிறார்கள், காலையில் வருவோம் என்றார்கள்.

“இதை வீட்ல வளர்க்கக் கூடாது, சட்டப்படி குத்தம். இன்னைக்கு மட்டும் காய்ஞ்ச பெட்டியில, சூடா வை. பால் வேண்டாம், சோறு வேண்டாம்.”

குமார் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியில் பழைய துண்டை விரித்தார்.

மறுநாள் வந்த வனக்காப்பாளரிடம் பால் விஷயத்தைச் சொல்லி, ஊசியைத் தொடரச் சொன்னேன். மார்பில் சளி வந்தது, ஆனாலும் பிழைத்துக்கொண்டது. சில வாரம் கழித்து ஒரு புதர்க்காட்டில் விட்டதாகச் சொன்னார்கள்.

இத்தனை வருட சர்வீஸில் எத்தனை பேர் என் சத்தத்துக்குப் பயந்து பாதியை மறைத்தார்களோ தெரியாது. புதிதாக வரும் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொண்டுவந்தவரை முதலில் பேச விடுங்கள். மிருகம் வாய் திறந்து சொல்லப் போவதில்லை.