கோப்பைப் படத்தில் ஒரு முழங்கை

செங்கல்பட்டு மனமகிழ் மன்றத்தின் பிரிட்ஜ் மேசையில் ஜெரோம் அளவுக்கு டம்மியாக உட்கார்ந்தவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. விஷயம் தெரியாதவர்களுக்காக: எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. எத்தனை சுற்று, அதாவது பிடி, ஜெயிப்போம் என்று கேட்கும் ஏலம் ஒரு ஜோடிக்கு விழுந்தால், அதில் ஒருவர் இருவர் சீட்டையும் ஆடுவார். மற்றவர் தன் சீட்டு முழுவதையும் மேசையில் விரித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்தான் டம்மி. ஜெரோமின் ஜோடி அவருடைய சகலை ஸ்டான்லி. அவர்கள் ஏலம் எப்படிப் போனாலும், ஆடுவது ஸ்டான்லியாகவும் விரிப்பது ஜெரோமாகவுமே வந்து முடியும்.

ஸ்டான்லிக்கு நாவலூர் கம்பெனியில் வேலை. எதிரியின் முதல் சீட்டு விழுந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், கூரையைப் பார்ப்பார். மொத்த ஆட்டத்தையும் அங்கே ஆடி முடித்த பிறகுதான் டம்மியின் சீட்டைக் கேட்பார். மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். ஜெரோமுக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிக் கொளவாய் ஏரியில் எறிய வேண்டும் போலிருக்கும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் படாளத்தில் மாமியார் ஞானம்மாள் வீட்டு ஷோகேஸில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், போன வருஷக் கோப்பையோடு ஸ்டான்லி சிரிக்கும் போட்டோ இருக்கிறது. எடுத்தபோது அது ஜோடிப் படம்தான். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று மாமியார் வெட்டியதில் ஜெரோமின் முழங்கை மட்டும் மிஞ்சியது.

"இன்னாத்துக்கு அதையே மொறச்சிகினு கீற?" என்றாள் மனைவி பிரிசில்லா. "கை நல்லாத்தான வுழுந்துகீது."

"ஜெயிச்சது நானுந்தான்!"

"ஆடுனது ஸ்டான்லிதான மாப்ள?" என்றார் மாமியார். "நீங்க சீட்ட விரிச்சிட்டு டீ குட்ச்சிகினு இருந்தீங்களாமே."

அன்றே முடிவாயிற்று. அந்த ஷோகேஸில் முகத்தோடு இடம் பிடிக்காமல் ஜெரோம் ஓயப்போவதில்லை.

இந்த வருஷ இறுதி ஆட்டம் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில். கடைசிக் கையில், தன் முறை வந்ததும் ஜெரோம் முந்திக்கொண்டு கேட்டு, ஏலத்தைப் பிடித்தார். ஒன்பது பிடி எடுத்தால் கோப்பை. எதிரி வெங்கடராகவன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆட்டீனில், அதாவது சிவப்பு இதயச் சீட்டில், சின்னதாக ஒன்றை இறக்கினார். ஸ்டான்லி வாழ்க்கையில் முதல்முறையாக டம்மியாகி, சீட்டுகளை விரித்தார்.

டம்மியில் ராஜாவிலிருந்து வரிசையாக டைமண்ட். அதன் ஏஸ் மட்டும் எதிரியிடம். அதைக் கக்க வைத்து, மறுபடி டம்மிக்குள் போய் மிச்ச டைமண்டை அள்ள வேண்டும். உள்ளே போக நிச்சயமான கதவு டம்மியின் ஆட்டீன் ஏஸ் ஒன்றுதான். ஆகவே முதல் பிடியைத் தன் கையிலிருக்கும் ஆட்டீன் ராஜாவால் எடுத்துவிட்டு, அந்த ஏஸைப் பத்திரப்படுத்த வேண்டும். யோசிக்க இருந்தது இவ்வளவே.

ஜெரோம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கூரையைப் பார்த்தார். பார்க்க வந்திருந்த மன்றம் மூச்சைப் பிடித்தது. ஸ்டான்லி பார்க்கிறானா? வயிறு எரிகிறதா? போட்டோவுக்கு நீலச் சட்டை எடுபடுமா? எல்லாவற்றையும் தீர யோசித்து முடித்து, "ஏஸ் போடு" என்றார்.

ஸ்டான்லி ஏஸை எடுத்து மேசை நடுவில் வைத்தார். டம்மிக்கு வாய் கிடையாது.

அடுத்து டம்மியிலிருந்து டைமண்ட் ராஜா. ஜெரோம் கையில் இருந்ததே இரண்டு சின்ன டைமண்ட். வெங்கடராகவன் தன் ஏஸை ஒரே ஒரு சுற்று அடக்கி வைத்தால் போதும், டம்மிக்குள் திரும்பிப் போக வழியே இருக்காது. ஆனால் இவ்வளவு நேரம் யோசித்த மனுஷன் சும்மாவா ஆடுவான்? ஏதோ பெரிய சூழ்ச்சி என்று மிரண்ட வாத்தியார் ஏஸைப் பட்டென்று போட்டுவிட்டார். ஆட்டம் தன் கைக்குத் திரும்பியதும், மிஞ்சிய சின்ன டைமண்டைப் பிடித்துக்கொண்டு ஜெரோம் டம்மிக்குள் போனார். ஒன்பது பிடி.

"ஆட்டீன் ஏஸை முதல்லயே செலவழிச்சேளே, அது என்ன பிளான் சார்?" என்றார் வெங்கடராகவன் பயபக்தியோடு.

"அது ஒரு கணக்கு சார்."

"அண்ணாத்த, அவுரு மட்டும் ஏஸ அடக்கியிருந்தாருன்னா நம்ம கத கந்தல்!" என்று வெளியே வந்து குமுறினார் ஸ்டான்லி.

"பொறாமப்படாத தம்பி."

புதுப் படத்தில் நீலச் சட்டையும் கோப்பையுமாக நடுநாயகமாக ஜெரோம். ஸ்டான்லி ஓரத்தில். ஞானம்மாள் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஜோரா கீது மாப்ள. இந்த வாட்டி ஸ்டான்லிதான் நல்ல சீட்டா விரிச்சி வெச்சாராமே? அது இல்லாங்காட்டி நீங்க இன்னாத்த ஆடிக்கிறது!"

ஃபிரேம் இந்த முறையும் சின்னது. மாமியார் ஸ்டான்லியின் முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடினார். ஜெரோம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.