குழாய்க்காரர் வீட்டுக் குழாய்

தையல் கடையில் பட்டன் தைக்கிற வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் பட்டன் அக்கா. கணவர் குழாய் ரிப்பேர்காரர். யார் வீட்டில் தண்ணீர் சொட்டினாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்குப் பாக்குறேம்மா" என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போன வீட்டு மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் சபையார் ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஆளுக்கொரு காரணம் கையோடு கொண்டுவந்தார்கள். பாடகர் குழுத் தலைவி அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு, "பரலோகத்துக்கு நல்ல ஆளுங்க தேவைப்படுதும்மா. அதான் ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்.

"ஏன், அங்கேயும் குழாய் ஒழுகுதா?"

தலைவி கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

அக்கா கிண்டலுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. வேலைக்குத் திரும்பியபின் ஊசியும் நூலுமாக ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். பதில் இல்லை. அந்தக் கோபத்தில் இரண்டு சட்டைகளுக்கு முதுகில் பட்டன் வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம், சொட்டுச் சத்தம் பொறுக்காமல், கணவரின் பையைத் திறந்து தானே குழாயைக் கழற்றினார். தண்ணீர் கூரைவரை பீய்ச்சியடித்தது. தேவசித்தத்தை விளக்க ஐந்து குறிப்புகள் எழுதிக்கொண்டு அப்போதுதான் வாசலுக்கு வந்த போதகர், பாய்ந்து வந்து கட்டைவிரலால் அடைத்தார்.

"அக்கா, மெயின் வால்வு எங்க?"

"அது அவருக்குத்தான் தெரியும்!"

"எந்த அவரு?"

"ரெண்டு அவருக்குமே தெரியும். எங்கிட்டதான் ஒருத்தரும் சொல்லல!"

போதகர் தலைமுதல் கால்வரை நனைந்து நின்றார். சட்டைப்பையில் ஐந்து குறிப்புகளும் கூழாகிவிட்டன.

"ஐயா, நீங்களாவது சொல்லுங்க. ஏன் எடுத்துக்கிட்டாரு?"

விரலை எடுத்தால் வெள்ளம். நழுவ வழியில்லை. "தெரியலக்கா. சத்தியமா தெரியல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார். அடக்கத்தின்போதுகூட வராத அழுகை. போதகர் அப்படியே நின்று ஜெபித்தார்: "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்க பாத்துக்கோங்க."

"ஆமென்" சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அலமாரியை நகர்த்திப் பார்த்தார் அக்கா. வால்வு அதன் பின்னால் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அக்கா எழுந்தபோது சபை கொஞ்சம் நெளிந்தது.

"ஏன்னு கேட்டேன். இன்னும் சொல்லல. சொல்லாததால என்னைக் கைவிட்டுட்டாருன்னு நினைக்கல. என் வீட்டுக்காரரு அவர் கையிலதான் இருக்காரு, நானும் அங்கதான் இருக்கேன். கோவம் இருக்கு. அதையும் அவர்கிட்டதான் சொல்றேன். வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று எல்லோரும் விழித்தார்கள். பின்வரிசையில், காது சரியாகக் கேட்காத பெரியவர் மட்டும், சாட்சி முடிந்துவிட்டதென்று கண்டு, "அல்லேலூயா!" என்று கத்தினார்.

"அதேதான் பெரியவரே" என்று சொல்லி அக்கா உட்கார்ந்தார்.