கிளீனர் சீட்டு எங்கன இருக்கு?

என் பழைய கீபோர்டின் ஸ்பேஸ்பாரில் இன்னும் ஒரு ஊதாக் கறை இருக்கிறது. மங்குஸ்தான் பழத்தோலின் கறை. எப்படித் துடைத்தாலும் போகாது... நண்பன் காதர் வைத்த கறை.

குற்றால சீசனில் தண்ணீர் அதிகமாகி, அருவியில் குளிக்கத் தடை என்று சொல்லிவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். கடையநல்லூரிலிருந்து காதர் லேப்டாப்பைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு பைக்கில் தென்காசிக்கு வந்துவிடுவான். என் மாடி அறையின் தகரக் கூரையில் சாரல் தட்டும். நாங்கள் விண்வெளியில் இருப்போம்.

கம்ப்யூட்டர் கேம்தான். சிதைந்து மிதக்கும் கப்பல்களை அறுத்து, தேறுகிற உலோகத்தை விற்க வேண்டும். ஆளுக்கொரு குட்டிக் கப்பல் வைத்திருந்தோம். இரண்டையும் கொடுத்துவிட்டால், இந்த அறுப்பு வேலைக்கென்றே இருக்கும் பெரிய சால்வேஜ் கப்பல் ஒன்று வாங்கலாம். சிரிக்காதீர்கள்... அப்போது அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை.

வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். காதருக்குப் பழைய லாரி வாங்கி விற்கும் தொழில். லாரி பார்க்கிற மாதிரியேதான் கப்பலையும் பார்த்தான். சுற்றி வந்தான். அடியில் குனிந்தான். உள்ளே ஏறியதும் முதல் கேள்வி:

"ஏலே, கிளீனர் சீட்டு எங்கன இருக்கு?"

ஓட்டுபவனுக்கு முன்னால் இடம். அறுப்பவனுக்கு வால் பக்கம். நடுவில் நீளமான நடை.

"ஒரு வார்த்தை பேசணும்னா பஸ் ஏறில்லா வரணும்!" என்றான், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

அறுக்கும் வேலை அருமையாக நடந்தது. கடைசியில் கப்பலை விண்வெளி நிலையத்துக்குள் ரிவர்ஸில் நிறுத்த வேண்டும். இவன் விண்வெளி உடையோடு இறங்கிப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... வரட்டும்... நிப்பாட்டுலே!"

அது லாரி இல்லையே, மிதித்தவுடன் நிற்க. காதர் சுவரோடு நசுங்கிப் போனான். சிரித்த சிரிப்பில் மங்குஸ்தான் எல்லாம் தரையில் உருண்டது.

சிரித்து முடித்ததும் சொன்னான், "வேண்டாம்லே. நல்லாத்தான் அறுக்கு. ஆனா ஒத்த ஆளுக்கு ஆவாது."

"அதான் நீ இருக்கேல்லா?"

தலை குனிந்து பழத்தை உரித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு லாரியைத் தாண்டி என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். அவன் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

அடுத்த வாரம்தான் தெரிந்தது, காதருக்குத் துபாய் விசா வந்திருந்தது. கப்பல் பார்த்த அன்றே அவனுக்குத் தெரியும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் அன்று பார்த்தது, அந்தக் கப்பலுக்குள் தனியாக உட்காரப் போகிற என்னைத்தான்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அந்த கேமில் ஒரே ஆள் எல்லாவற்றையும் இயக்கலாம். ரிவர்ஸுக்குக் கேமரா வந்துவிட்டது. போன மாதம், அருவியில் தடை போட்ட ஒரு நாளில், அந்தக் கப்பலை வாங்கினேன். ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தி, படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ். "நல்லா நிறுத்திருக்கலே. பின்னால யாரு நின்னு பாத்தா?"

"கேமரா" என்று டைப் செய்தேன். அனுப்ப மனம் வரவில்லை.

அழித்துவிட்டு, "யாருமில்லலே" என்று அனுப்பினேன்.