இடப்பக்கப் பிடரி

சிங்கத்தின் வலப்பக்கப் பிடரியைச் சம்பத் தை மாதத்தில் செதுக்கினார். இடப்பக்கத்தைச் சித்திரையில் செதுக்கினார். நடுவில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

உப்புத்தாள் தேய்க்கும்போது மனைவி சாமுண்டீஸ்வரியின் விரல்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. வலப்பக்கம் ஒவ்வொரு சுருளும் ஒரே இழுப்பில் விழுந்திருந்தது. உளி நுழைந்த இடம் தெரியும், வெளியே வந்த இடம் தெரியும், நின்ற இடம் என்று ஒன்று கிடையாது. இடப்பக்கத்திலோ ஒவ்வொரு சுருளுக்குள்ளும் படிக்கட்டு மாதிரிச் சின்னச் சின்ன வெட்டுகள். உளி நின்றிருக்கிறது, தயங்கியிருக்கிறது, மறுபடி கிளம்பியிருக்கிறது. தேய்த்துச் சமன் செய்யப் போனால் சுருளே கரைந்துபோகும்.

பெரிய ஆஸ்பத்திரியில் நடுக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை கொஞ்சம் அடக்கும், பழைய கை வராது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சம்பத் அந்தக் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சம்பத் பரம்பரைச் சிற்பி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் மர அச்சு செய்துகொண்டிருந்தவர். கம்பெனி மூடியதும் கோயில் கோயிலாகப் போய் வாகனங்களை அளந்து, தடவி, வரைந்து தானாகவே தொழிலைக் கற்றுக்கொண்டார். அவருக்கு வண்ணம் கலக்கிக் கொடுக்கப் போய் சாமுண்டீஸ்வரி வண்ணக்காரி ஆனாள். வெள்ளானூரில் வீட்டை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைதான் பட்டறை. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் கீழே சிங்கத்தை எட்டிப் பார்ப்பார்கள். மரம் அவருடையது, வண்ணம் இவளுடையது என்று இத்தனை காலமும் ஓடிவந்திருக்கிறது.

ஆளுயரச் சிங்கம் அது, அம்மன் ஊர்வலம் போவதற்கு. தேய்த்து முடித்த அன்று சம்பத் சொன்னார்:

"பாலிஷே போட்டுடலாம் சாமுண்டி."

"கோயில் வாகனத்துக்கு வண்ணம் இல்லாம எப்டிங்க?"

"தேக்கு இது. தேக்கப் போயி மூடுவாங்களா? இப்பல்லாம் ஃப்ளாட்டுக்காரங்க மரம் மரமாவே தெரியணும்னுதான் கேக்குறாங்க."

பாலிஷ் கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு படிக்கட்டையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். ஊர்வலத்தில் இடப்பக்கம் நிற்கிற எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்ததாகக் காட்டுப்பாக்கம் கோயிலுக்கு ஒரு மயில் வாகனம் செய்வதாகப் பேச்சு இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள். வண்ணம் என்றால் துணி ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, குழிகளை நிரவிவிடலாம். ஆனால் இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இடப்பக்கம் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் இனி உளியைத் தொடமாட்டார்.

மாதிரி காட்டுவதற்காக அதே தேக்கின் இரண்டு துண்டுகளை எடுத்தாள். ஒன்றில் வெள்ளை பூசி, மஞ்சளும் ஓரத்தில் தங்க வண்ணமும் தீட்டினாள். மற்றொன்றில் பாலிஷ். அதைக் கடைசிப் பூச்சு கொடுக்காமல் மங்கலாகவே விட்டாள். வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தூரிகையைக் கழுவும்போது கை கூசியது.

சிங்கம் கேட்ட அம்மன் கோயிலின் விழாக் குழுவில் பூபாலன்தான் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டான். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, க்வார்ட்டர்ஸில் வீடு. வண்டியை நிறுத்தும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா அண்ணாத்தே, சிங்கம் என்னிய மொறைக்குது? நான் இன்னா பண்ணேன்?"

"வேல முடிஞ்சதானு நெதம் வந்து கேட்டா மொறைக்காதா?" என்றார் சம்பத்.

சாமுண்டீஸ்வரி இரண்டு துண்டுகளையும் நீட்டினாள். பூபாலன் பாலிஷ் துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா அண்ணி, ஆறிப்போன டீ கணக்கா டல்லடிக்குது?"

"பாலிஷ்னா அப்டித்தான்."

சம்பத் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். பாலிஷ் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பிறகு அவளைப் பார்த்தார். துண்டைப் பலகையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப மஞ்சளும் தங்கமும்தான்" என்றான் பூபாலன். "மரக்கலர்ல வுட்டா அம்மன ஃபர்னிச்சர் கடைலேர்ந்து கூட்டினு வந்த மாதிரி இருக்கும். நீ இன்னா சொல்ற அண்ணாத்தே?"

"அவதான் வண்ணக்காரி. அவ சொன்னா சரி."

மறுநாள் காலை புளியங்கொட்டைப் பசை காய்ச்சினாள். மல் துணியைக் கிழித்து, இடப்பக்கப் பிடரியிலிருந்து ஒட்டத் தொடங்கினாள். துணி காய்ந்ததும் சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து, படிக்கட்டு படிக்கட்டாக நிரவினாள். பூசுவதும் தேய்ப்பதுமாக நாட்கள் போயின. ஒரு மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தாள். வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் இடப்பக்கம் ஒரு படி மேலாகவே இருந்தது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கும்போது பூபாலன் மறுபடி வந்தான்.

"சூப்பர் அண்ணி. ரெண்டு சைடும் அச்சுல வார்த்தாப்ல கீது. கண்ணு தொறக்குற அன்னிக்கு எங்க க்வார்ட்டர்ஸே கெளம்பி வருது. அண்ணாத்தே கை பட்டதும் எப்டி முழிச்சிப் பாக்கும்னு அல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிகீறேன். காட்டுப்பாக்கத்துக்காரங்களும் வராங்கோ."

அவள் கையில் தூரிகை நின்றது.

பாலிஷ் போட்ட வாகனத்துக்கு உளியால் வெட்டிய கண்ணே கண். அதைச் சம்பத் தையிலேயே, கை நன்றாக இருந்தபோதே வெட்டி முடித்துவிட்டார். வண்ணம் தீட்டிய வாகனத்துக்கு அப்படியில்லை. வெட்டிய கண்ணைத் துணியும் வெள்ளையும் மூடிவிடும். எல்லாம் முடிந்தபின் திரை கட்டி, செதுக்கிய கையே மெல்லிய தூரிகையால் கண்ணை எழுத வேண்டும். அதுதான் முறை. இத்தனை வருஷமும் இமைவரை தீட்டிவிட்டு அவள் டீ போட எழுந்து போய்விடுவாள். கண் அவளுடைய வேலையில் சேர்ந்ததே இல்லை. அதனால் அவளுடைய யோசனையிலும் சேரவில்லை.

பூபாலன் போனபின் கேட்டாள்.

"அதுக்குத்தான் பாலிஷ்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ சொன்னியா?"

காதின் அடியில் யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மஞ்சள் வந்தது, வெள்ளை வந்தது, துணி வந்தது. அதற்கும் கீழே, மரத்தின் ரேகைக்குள் வெள்ளை இறங்கியிருந்தது. இனி இதைத் தேக்காக்க முடியாது. சுரண்டிய இடத்தில் மறுபடி மஞ்சள் வைத்தாள்.

"திரைக்குள்ள யாருங்க பாக்கப் போறாங்க? நானே எழுதிடறேன்."

"உள்ள நான் இருப்பேன்ல" என்றார் சம்பத்.

அவள் மெல்லிய தூரிகையைக் கழுவி அவர் பக்கம் வைத்தாள்.

கண் திறக்கும் காலையில் அவர் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டார். கொட்டகை நிறையக் கூட்டம். க்வார்ட்டர்ஸ் பெண்கள் பூத்தட்டோடு வந்திருந்தார்கள். காட்டுப்பாக்கத்துக்காரர்கள் இருவர் தூணோரம் நின்றார்கள். வேட்டியைத் திரையாகக் கட்டி, கருப்பு மைக்கிண்ணத்தோடு சம்பத் உள்ளே போனார். சாமுண்டீஸ்வரி வெளியே நின்றாள். திரைக்குள் தூரிகை கிண்ணத்தின் விளிம்பில் படபடவென்று தட்டுவது கேட்டது. நின்றது. மறுபடி தட்டியது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.

திரை விழுந்தது. சிங்கத்துக்கு முதலில் கண்ணாடியைக் காட்டினார்கள், பிறகு கற்பூரம் காட்டினார்கள்.

வலது கண் பரவாயில்லை. இடது கண்ணின் கீழ்க்கோடு நெளிந்து, பிடி நழுவி, கன்னம்வரை இறங்கியிருந்தது.

"இன்னா அண்ணாத்தே, சிங்கம் அழுவுற..." என்று சிரித்துக்கொண்டே தொடங்கிய பூபாலன் சம்பத்தின் கையைப் பார்த்தான். தூரிகையோடு அது தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. "நல்லா கீது" என்றான். "நல்லா கீது அண்ணாத்தே."

அவளுடைய காலடியில் டர்பன்டைன் பாட்டிலும் துணியும் இருந்தன. மை இன்னும் காயவில்லை, ஒரு துடைப்பு போதும். ஆனால் திறந்த கண்ணைத் துடைப்பதில்லை. துணியைக் காலால் பலகைக்கு அடியில் தள்ளினாள்.

சிங்கத்தைச் 'சின்ன யானை' மினி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். காட்டுப்பாக்கத்துக்காரர்கள் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை.

"மயிலு எப்ப ஆரம்பிக்கலாம் பூபாலா?" என்று கேட்டார் சம்பத்.

"சொல்லி அனுப்புறேன் அண்ணாத்தே" என்றான் பூபாலன், கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு.

வண்டி திரும்பியபோது இடப்பக்கம் முழுதாகத் தெரிந்தது. பிடரியின் சுருள்கள் வெயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு பிசிறில்லாமல் மின்னின. பக்கத்தில் நடந்தவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள்.